சந்தனப் பொட்டு வைத்த ஆயில் ஃபில்டர்

துபாயிலிருந்து ஊருக்கு வருகிறவர்களிடம் தங்கம் கேட்பார்கள், சென்ட் பாட்டில் கேட்பார்கள், தலைவலித் தைலம்கூடக் கேட்பார்கள். நான் என் மைத்துனனிடம் காருக்கு ஆயில் ஃபில்டர் கேட்டேன். கேட்டதோடு விடவில்லை. "ஜப்பான் பேர் போட்டது வேண்டாம்பா, ஜப்பான்லயே செஞ்சது வேணும்" என்று அவன் விமானம் ஏறும்வரை போனில் பிடுங்கி எடுத்தேன். அரூருக்கு வந்து அவன் பெட்டியைத் திறந்தபோது அவனுடைய அக்கா, அதாவது என் மனைவி, ஆசையாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். துணிகளுக்கு நடுவிலிருந்து அட்டைப்பெட்டியோடு ஒரு கறுப்புத் தகர டப்பா வெளியே வந்தது. அவள் டப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்ததில்தான் கொஞ்சம் மரியாதை இருந்தது.

கார் வைத்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சினுக்குள் ஓடுகிற ஆயிலின் கசடை வடிகட்டுவது இந்த டப்பா. ஆயில் மாற்றும்போது இதையும் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு வேறு மாட்டுவார்கள். குப்பைக்குப் போகிற ஒரு சாமானைத்தான் நான் விமானத்தில் வரவழைத்தேன். அட்டைப்பெட்டியைக் காரின் பின்கண்ணாடி ஓரத்தில், ஜப்பான் பெயர் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு கடைத்தெருவில் சும்மா இரண்டு சுற்றுச் சுற்றினேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மாட்டக் கொண்டுபோன இடத்தில் மெக்கானிக் ஃபில்டரைத் திருப்பினார். விளிம்பில் இருந்த பொடி எழுத்தை வெயிலில் பிடித்துப் படித்தார்.

"மேட் இன் இந்தியானு போட்டிருக்குதுங்க சார். மாட்டட்டுமா, துபாய்க்கே திருப்பி அனுப்பறீங்களா?"

இந்த முட்டாள்தனம் முழுக்க என் சொந்தச் சரக்கு அல்ல. இதில் பெரும்பங்கு எதிர்வீட்டுக்காரருடையது. தெருவில் அவருக்குப் பெயர் ஜப்பான்காரர். அவர் கண்ட அதிகபட்ச வெளிநாடு பெங்களூரு. ஆனால் எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் முதலில் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். சட்டைப்பையில் அதற்கென்றே ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். "எங்க செஞ்சது?" என்பதுதான் அவருக்கு வணக்கம். கல்யாண மண்டபத்தில் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்த பிறகே உட்காருவார். என் மகன் பிறந்தபோது பார்க்க வந்தவர் குழந்தையைக் கையில் வாங்கியதும் எனக்கு ஒரு கணம் பயமாகத்தான் இருந்தது.

அவருடைய கணக்கு எளிமையானது. எவ்வளவு தொலைவில் செய்ததோ அவ்வளவு நல்லது. பென்னாகரம் பக்கத்துப் புளியை வீடு தேடி வந்து விற்கும்போது கதவைச் சாத்திக்கொள்வார். பெங்களூரு போகும்போது பெரிய கடையில் பளபளப்பான உறையில் புளி வாங்கி வருவார். அந்தப் புளி எங்கிருந்து பெங்களூருக்குப் போனது என்று கேட்டால் கோபம் வரும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மெஸ்ஸில் ஊரே சாப்பிடும், அவர் சாப்பிட மாட்டார்.

"ஏண்ணா, சாப்பாடு நல்லாத்தான இருக்குது?"

"அந்த மாஸ்டர எனக்குத் தெரியும் தம்பி."

"தெரிஞ்சா நல்லதுதானே?"

"தெரியறதுதான் பிரச்சனையே" என்பார்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தது எங்கள் தெரு டெய்லரின் மகள். மெடிக்கல் காலேஜில் மெடல் வாங்கிய பெண். அவளிடம் காட்டச் சொன்னால் ஜப்பான்காரர் மாட்டேன் என்று தலையை ஆட்டுவார். "சளி ஒழுகிக்கிட்டு இந்தத் தெருவுலதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. அதுகிட்டப் போயி நாக்க நீட்டச் சொல்றீங்களா?"

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகன். அந்த மகனுக்கு வேலை, ஓசூர் பக்கத்தில் ஆயில் ஃபில்டர் செய்கிற ஒரு கம்பெனியில்.

ஒப்பந்த வேலைதான். செய்து முடித்த ஃபில்டர்கள் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுங்கி வரும், உள்ளே காற்றை ஏற்றுவார்கள். எங்காவது குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வந்தால் எடுத்துப் போட்டுவிட வேண்டும். ஷிஃப்ட் முழுக்க அதுதான் அவன் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால் என் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பான். நான் அவன் அப்பாவை அண்ணா என்று கூப்பிட்டதால் அவனுக்கு நான் சித்தப்பா. காபி டம்ளரைக் கொடுத்தால் குடிக்காமல் மேலே மிதக்கும் நுரையையே கொஞ்ச நேரம் பார்ப்பான். "மன்னிச்சுக்கங்க சித்தப்பா, பழக்கம்" என்பான்.

மாட்டுவதற்கு முன்னால் அவனிடம்தான் என் துபாய்ச் சரக்கைக் காட்டினேன். அடியிலிருந்த எழுத்துகளை ஒரு பார்வை பார்த்தான். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"சித்தப்பா, இது எங்க ப்ளான்ட் கோடு. எங்க லைன்ல ஓடுனது. இத நானே தொட்டியில பாத்து அனுப்பியிருந்தாலும் இருக்கும்."

ஓசூரில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அரூர் வந்திருக்க வேண்டிய டப்பா, கடல் தாண்டிப் போய் மைத்துனன் துணிகளோடு வந்திருக்கிறது. நியாயமாக அது ஜப்பான்காரரின் கட்சியை உடைத்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்தே போய்ச் சொன்னோம். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து நிதானமாகப் படித்தார்.

"சரி. அதுக்கென்ன இப்போ? வெளிநாட்டுக்குப் போறதுக்குன்னு செய்யறது வேற, நம்மளுக்குன்னு செய்யறது வேற. துபாய்க்காரன் கேள்வி கேப்பான். நம்ம யாரு கேக்கறோம்?"

"ரெண்டும் ஒரே லைன்தாம்பா. மேல அடிக்கற பெயிண்டும் பொட்டியும்தான் வேற."

"உனக்கு அப்படிச் சொல்லி வெச்சிருப்பாங்க."

"எங்க செஞ்சதுங்கறது இல்லப்பா. உள்ள போடற பேப்பரு, ரப்பரு, ஸ்ப்ரிங்கு, அதெல்லாம் சரியா இருக்கணும். அப்பறம் செக் பண்றவன் தூங்காம இருக்கணும். அவ்ளோதான். அது எந்த ஊரா இருந்தா என்ன?"

"செக் பண்றது யாரு?"

"நாந்தான்."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் அப்பா.

அந்த ஃபில்டர் என் காரில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அவர் காரில் ஓடியதெல்லாம் பெங்களூரில் ஏதோ ஒரு சந்தில் வாங்கிய ஜப்பான் ஃபில்டர்கள். கழற்றிப் போட்ட ஒன்றை மகன் ஒருமுறை அறுத்துப் பார்த்தான். உள்ளே மடிப்புத்தாள் பசை விட்டுக் கிழிந்து கிடந்தது, இருக்க வேண்டிய ரப்பர் வால்வே இல்லை. "டூப்ளிகேட்டுப்பா இது. எஞ்சின் போயிரும்" என்று கொண்டுபோய்க் காட்டினான். அவர் அசரவில்லை. "டூப்ளிகேட்டா இருந்தா என்னடா? ஜப்பான் டூப்ளிகேட்டு."

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கம்பெனியில் மகனுக்கு ஸ்வீட் பாக்ஸும், லைனில் ஓடிய சரக்கில் ஒரு ஃபில்டரும் கொடுப்பார்கள். அப்பா காருக்குப் பொருந்துகிற அளவாகப் பார்த்துக் கேட்டு வாங்கி வருவான். முதல் வருடம் அதை அப்பா கையில் கொடுத்தபோது நானும் அங்கே சுண்டலுக்காக நின்றிருந்தேன். அவர் திருப்பிப் பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டுச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவரச் சொன்னார். டப்பாவுக்கு மூன்று பக்கம் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சாமி அலமாரியில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"வண்டியில மாட்டுங்கப்பா" என்றான் மகன்.

"சாமிகிட்டயே வெச்சாச்சு. இதுக்கு மேல என்னடா மரியாதை வேணும்?"

அடுத்த வருடமும் ஒன்று வந்தது. அதற்கும் சந்தனம், அதற்கும் அலமாரி. அண்ணி, அதாவது அவர் மனைவி, சிக்கனமானவர். ஃபில்டரின் வாயைச் சுற்றி வட்டமாகத் துளைகள் இருக்கும், ஊதுபத்தி செருக அளவெடுத்துச் செய்தது போல. முதல் வருட ஃபில்டர் ஊதுபத்தி ஸ்டாண்ட் ஆனது. மற்றவை பின்வரிசையில் விளக்குப் புகை குடித்துக்கொண்டு நின்றன. மகன் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதே வார்த்தையைச் சொல்வான்: "இந்த ஒண்ண மட்டும் மாட்டிப் பாருங்கப்பா." சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பான், சித்தப்பா ஏதாவது சொல்லமாட்டாரா என்று. நான் ஏதாவது சொல்வேன். அவர் எனக்கு இன்னும் கொஞ்சம் சுண்டல் வைக்கச் சொல்வார்.

ஒருநாள் அவர் காரில் அவரோடு தருமபுரிக்குப் போனேன். ஊரைத் தாண்டியதும் நல்ல தார்ச்சாலையை விட்டுவிட்டு மண்பாதையில் இறக்கினார். வண்டி குலுங்கிக் குலுங்கி ஒரு ஓடைக்குள் இறங்கி ஏறிச் சுற்றிக்கொண்டு மறுபடி அதே சாலையில் சேர்ந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். அந்த ஓடைக்கு மேலே ஒரு சிறுபாலம். அதில் கரும்பு லாரி ஒன்று ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது.

"பாலம் நல்லாத்தான இருக்குது? ஏண்ணா சுத்தறீங்க?"

"அது நான் கட்டுனது தம்பி."

எனக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது. "சொல்லவே இல்லையே" என்றேன்.

"கான்ட்ராக்டர்கிட்ட சூப்பர்வைசரா இருந்தேன். சிமெண்ட்டு எவ்ளோ வந்துச்சு, எவ்ளோ போட்டோம், மிச்சம் யார் வூட்டுக்குப் போச்சு, எல்லாம் எனக்குத் தெரியும். சரியா இருக்குதுன்னு சொன்னவனும் நாந்தான்." கியரை மாற்றினார். "அதனால அதுமேல போறதில்ல."

"இன்னிவரைக்கும் நிக்குதேண்ணா?"

"நிக்குது. ஏன் நிக்குதுன்னுதான் தெரியல."

பிறகு அவராகவே சொன்னார். "நம்ம ஊருல ஒண்ணு செய்யறவன் என்னைவிட யோக்கியனா இருப்பான்னு நான் எப்படித் தம்பி நம்பறது? தெரியாத ஊரா இருந்தா, அங்க இருக்கறவன் ஒழுங்கா செய்வான்னு நெனச்சுக்கலாம். நெனச்சுக்க ஒரு எடம் வேணுமில்ல?"

நான் நிறையப் படித்தவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அன்று அந்தப் படிப்பு அத்தனையும் சேர்ந்து தந்தது ஒரே வரி. "உங்க பையன் அப்படி இல்லண்ணா" என்று மட்டும் சொன்னேன். "என் பையன்தான அவன்?" என்றார்.

அதற்குப் பிறகு கம்பெனியில் அந்த லைனையே வடக்கே ஏதோ ஒரு மாநிலத்துக்கு மாற்றினார்கள். நிரந்தர ஆட்களுக்கு வேறு லைன் கிடைத்தது. ஒப்பந்த ஆட்களுக்கு நன்றி கிடைத்தது. மகன் அறையைக் காலி செய்துகொண்டு வந்தான். பையில் கடைசி ஆயுத பூஜை ஃபில்டர் இருந்தது. அதற்கும் சந்தனம் வைத்தாயிற்று.

வேலை தேடிக்கொண்டு அவன் வீட்டில் இருந்த நாட்களில் ஒரு காலை, எதிர்வீட்டு வாசலில் மெக்கானிக் வண்டி நின்றது. ஜப்பான்காரர் மிகவும் உற்சாகமாக இருந்தார். கையில் புது ஃபில்டர், மகன் வேலை பார்த்த அதே கம்பெனியின் ஃபில்டர்.

"தம்பி, வாங்க வாங்க! பெட்டியப் பாருங்க. இப்பல்லாம் வடக்கருந்து வருதாம். கடைக்காரரு சொன்னாரு. பாக்கறதுக்கே எவ்ளோ நீட்டா இருக்குது பாருங்க."

மகன் படியில் உட்கார்ந்திருந்தான். எழுந்து வந்து ஃபில்டரை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"அதே கோடுதாம்பா. அதே மெஷினத்தான் கழட்டி எடுத்துட்டுப் போனாங்க. கடைசி எழுத்து மட்டும் மாறியிருக்குது."

"அந்த எழுத்துதான்டா முக்கியம்" என்றார் அப்பா.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மகன் விரலைப் புது ஆயிலில் தொட்டு ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் வட்டமாக ஒருமுறை தடவினான், மாட்டுவதற்கு முன்பு செய்ய வேண்டியதை. பிறகு அதை மெக்கானிக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

அந்த மாதமே அவன் வடக்கே கிளம்பிவிட்டான். வேறொரு கம்பெனி, அங்கேயும் சரிபார்க்கிற வேலைதான். பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். "பாஷை தெரியாத ஊருல எப்படிடா இருப்ப?" என்று கேட்டேன்.

"அங்க என்னை யாருக்கும் தெரியாது சித்தப்பா. நம்புவாங்க."

நம்பினார்கள்தான் போலிருக்கிறது. சீக்கிரமே அவனை நிரந்தரமாக்கினார்கள். ஜப்பான்காரர் டீக்கடையில் கிளாஸைத் திருப்பிப் பார்த்தபடியே, "பையன் வடக்க பெரிய கம்பெனில இருக்கான். அங்கருந்து வர்ற சாமானு ஒண்ணுகூட சோடை போவாது" என்று சொல்ல ஆரம்பித்தார். இதைப் போனில் அவனுக்குச் சொன்னால் சந்தோஷப்படுவான் என்று நினைத்துச் சொன்னேன். அவன் கேட்டது ஒரே கேள்விதான்.

"அலமாரில இருக்கறதுல ஒண்ண மாட்டுனாரா?"

"இல்லடா."

"சரிங்க சித்தப்பா" என்று வைத்துவிட்டான்.

நான் வெளியூர் போயிருந்த ஒரு நாளில் ஜப்பான்காரருக்கு நெஞ்சுவலி வந்தது. அரசு ஆஸ்பத்திரி அவர் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். டெய்லர் மகள்தான் அன்று பணியில் இருந்தாள். அங்கேயே போகலாம் என்று அண்ணி அவர் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார். ஜப்பான்காரர் ஒரு டிரைவரை வரவழைத்துத் தன் காரில் பெங்களூருக்குக் கிளம்பிவிட்டார். கிருஷ்ணகிரியை உயிரோடு தாண்டவில்லை. டிரைவர் பிறகு என்னிடம் சொன்னான், வண்டி அருமையாக ஓடியதாம். எஞ்சினில் ஒரு முனகல்கூட இல்லையாம்.

அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் எங்கள் ஊர்ச் சுடுகாடு. அமரர் ஊர்தியில் நானும் மகனும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பாலம் கண்ணில் பட்டதும் மகன் டிரைவர் பக்கம் குனிந்தான்.

"அண்ணா, மண்பாதையில சுத்திப் போங்க. அப்பா இதுமேல வரமாட்டாரு."

"அந்தப் பாதையில எறங்குனா வண்டி மாட்டிக்கும்ப்பா" என்றார் டிரைவர். வண்டி பாலத்தில் ஏறியது. மகன் என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டான். பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தான் கட்டிய பாலத்தில் அவர் போனது அந்த ஒரு முறைதான்.

காரியம் முடிந்தது. மகன் திரும்பிப் போக வேண்டும், காரை விற்றுவிடலாம் என்று அண்ணி சொல்லிவிட்டார். வாங்குகிறவர் மறுநாள் வருவதாக இருந்தது. ஆயில் மாற்றிக் கொடுத்துவிடுவோம் என்று மகனே வாசலில் காருக்கு அடியில் அட்டையை விரித்தான். பிறகு வீட்டுக்குள் போய் சாமி அலமாரியைத் திறந்தான். வரும்போது கையில் கடைசி ஃபில்டர் இருந்தது. சந்தனத்தை ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தான். காய்ந்து தகரத்தோடு ஒட்டிப்போன சந்தனம், நகத்தால் சுரண்டித்தான் வந்தது.

"டேய், அது வெளக்குப் பக்கத்துலயே நின்னதுடா" என்றேன்.

"ரப்பரு காஞ்சிருக்கும் சித்தப்பா. எனக்குத் தெரியாதா?" வளையத்தில் ஆயிலைத் தடவினான். ஒருமுறைக்கு இரண்டுமுறை தடவினான். "நாளைக்கு வேற மாட்டித்தான் குடுக்கப்போறேன். இது சும்மா. அஞ்சு நிமிஷம் ஓடட்டும். இந்த வண்டியில ஒருதடவ ஓடட்டும்."

அடியில் படுத்துக் கையாலேயே இறுக்கினான். ஆயில் ஊற்றினான். என்னை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு மறுபடி அடியில் போனான். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான் என்னையறியாமல் லட்சுமியை வேண்டிக்கொண்டேன். அந்த அலமாரியில் அவளும் அத்தனை வருடம் அந்த டப்பாக்களோடு நின்றவள், ஏதாவது செய்யமாட்டாளா என்று.

"எப்படிடா இருக்குது?" என்று கத்தினேன்.

கீழே அட்டை சரசரத்தது.

"நல்லாத்தான் இருக்குது சித்தப்பா." பிறகு, "இருங்க." அப்புறம் மிக மெதுவாக, "ஆஃப் பண்ணிருங்க."

இறங்கிக் குனிந்து பார்த்தேன். ஃபில்டரின் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு விட்டு விட்டு விழாமல் கம்பியாக வழிந்தது. அவன் வெளியே வரவில்லை. தொட்டிக்குள் குமிழியைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்களால் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். முகத்தின் மேல் ஆயில் தெறித்திருந்தது, துடைக்கவும் இல்லை. ஆயில் அட்டையை நனைத்து, வாசலில் இறங்கி, காலையில் போட்ட கோலத்தைத் தொட்டது.

சத்தம் நின்றதைக் கேட்டு அண்ணி வாசலுக்கு வந்தார். கோலத்தைப் பார்த்தார், வண்டிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த மகனின் கால்களைப் பார்த்தார், அவன் பக்கத்தில் கிடந்த சந்தனக் கறைத் துணியைப் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா தம்பி? அவரு சொன்னது ஒண்ணுகூடத் தப்பானதில்ல."